பெரியேரியைக் கடக்கும் விதம்

"அம்மா, நான் வீட்டுக்குப் போயிடுறேன்" என்றார் தில்லைக்கண்ணு.

உமையாள் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"சாப்பிட்டுட்டா, சாப்பிடாமயா?"

தில்லைக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. ஐப்பசியிலிருந்து மடத்தில் கிடந்த சீடன் கிளம்புகிறேன் என்கிறான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடும்?

கேட்காவிட்டால் என்ன, அவரே சொன்னார்.

"வந்த புதுசுல கண்ணை மூடுனா போதும், மனசு நெறைஞ்சிடும். சந்தோஷத்துல அழுகையா வரும். தை பொறந்ததும் அது கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சும்மா. இப்ப கண்ணை மூடுனா எங்க வெல்ல மண்டிதான் தெரியுது. மூட்டை மூட்டையா அடுக்கி வச்சிருக்கு."

"நல்ல வெல்லமா?"

"அம்மா!"

"இல்ல, கேட்டேன்."

அம்மாவுக்கு வயது தில்லைக்கண்ணுவின் மூத்த மகளை விட ஒன்றிரண்டு கூட இருக்கலாம், அவ்வளவுதான். இந்த வயதில் இவரிடம் போய் மாட்டிக்கொண்டோமே என்று அவர் நினைத்ததுண்டு. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் கோபம் நிற்காது. அதுதான் தொல்லை.

"தம்பி ஆள் அனுப்பியிருக்கான்" என்றார் தில்லைக்கண்ணு. "நாளைக்கு அட்சய திருதியை. மண்டியில பூஜை. பூஜைக்கு நான் போய் என் எடத்துல உக்காரணும். உக்காரலைன்னா அவன் மச்சினன் உக்காந்துடுவான். அவன் ஒரு தடவை உக்காந்தா எழுப்ப முடியாதும்மா. அப்படிப்பட்ட ஆளு."

"அப்ப கட்டாயம் போகணும்."

"போகட்டுமா?"

"தாராளமா. பஸ்ஸு எங்க நிக்குது?"

"பெரியேரிக்கு அந்தாண்ட, ரோட்டுல. சாயங்காலம் ஒரே பஸ்ஸுதான். அதை விட்டா நாளைக்கு மத்தியானம்."

"நானும் ரோடு வரைக்கும் வர்றேன். போற வழியில ஏரியெல்லாம் பார்த்துக்கிட்டே போவோம்."

இங்கேதான் தில்லைக்கண்ணுவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"கார்த்திகையில கெஞ்சுனேன்! குமிளந்தாங்கல் ஏரியில நாரை வந்திருக்கு, தாமரை பூத்திருக்குன்னு சுத்துப்பட்டு ஊரே போய்ப் பார்த்துச்சு. ஏரியைக் காட்டுங்கம்மான்னு கால்ல விழாத குறை. அப்ப வேண்டாம்னீங்க. இந்தச் சித்திரை வெயில்ல பார்க்கறதுக்கு அங்க என்ன இருக்கு?"

"ஏரி இருக்கு" என்றார் அம்மா.

கீரைக்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

அது கொள்ளிடத்துப் படுகை. ஆற்றில் வெள்ளம் வந்தால் ஓர் ஏரி நிறைந்து அடுத்த ஏரிக்கு வழியும். அது நிறைந்து அதற்கடுத்ததற்கு. வராவிட்டால் எல்லாமே வாயைப் பிளந்து கிடக்கும். இப்போது கிடந்தன.

முதலில் வந்தது நாணலேரி. நாணலும் இல்லை, நீரும் இல்லை. பாளம் பாளமாக வெடித்த தரையில் ஆடுகள் எதையோ மேய்ந்துகொண்டிருந்தன.

அம்மா கரையில் நின்று, இடுப்பில் கை வைத்து, ஆசை தீரப் பார்த்தார்.

"என்ன அழகு!"

"எதும்மா?"

"ஏரிதான்."

தில்லைக்கண்ணு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். கிளம்புகிற அன்றைக்கு எதற்கு வாக்குவாதம்?

அடுத்தது குமிளந்தாங்கல். அதன் நடுவயிற்றில் ஒரு பெண் வெள்ளரி போட்டிருந்தாள். ஈரம் கொஞ்சம் அடியில் மிச்சமிருந்தால் அந்தப் பக்கத்து ஆட்கள் சும்மா விடமாட்டார்கள். ஆளுக்கு ஒரு பிஞ்சு ஒடித்துக் கொடுத்தாள். கடித்ததும் வாயெல்லாம் நீர். இருவரும் கரை மரத்து நிழலில் உட்கார்ந்து தின்றார்கள். தில்லைக்கண்ணு இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றார். மண்டி, மச்சினன், மோட்சம் எல்லாம் சற்று நேரம் மறந்தே போயிற்று. அம்மா எதுவும் உபதேசிக்கவில்லை. விதை நாக்கில் ஒட்டியதைத் துப்பினார், அவ்வளவுதான்.

பொழுது சாயும்போது பெரியேரிக் கரைக்கு ஏறினார்கள்.

பெயருக்கேற்ற ஏரி. கரை வழியாகச் சுற்றினால் இருட்டிவிடும். குறுக்கே இறங்கி நடந்தால் எதிரே ரோடு. ரோட்டோரப் புளியமரங்கள் இங்கிருந்தே தெரிந்தன. ஏரிக்குள் மருந்துக்குக்கூடத் தண்ணீர் கிடையாது.

தில்லைக்கண்ணு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினார்.

"பெரியவரே! வேட்டி, வேட்டி!"

திரும்பிப் பார்த்தார். பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிற ஆள் ஒருவன் சைக்கிளோடு கரையில் நின்றான். பின்னால் காலி கேன்கள் இரண்டு தொங்கின.

"வேட்டிக்கு என்னய்யா?"

"தூக்கிக் கட்டுங்க. செருப்பைக் கையில எடுத்துக்குங்க."

கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தார். அதற்குள் பால்காரன் தன் செருப்பைக் கழற்றிக் கேனுக்குள் போட்டான். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினான். பிறகு சைக்கிளை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். கேன்கள் கடகடவென்று முட்டிக்கொண்டன.

அப்படியே ஏரிக்குள் இறங்கினான். காலை அகட்டி, துழாவித் துழாவி வைத்து நடந்தான்.

தில்லைக்கண்ணுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏம்ப்பா, சைக்கிள்ல ஏறி ஓட்டிக்கிட்டுப் போயேன்! தரை காய்ஞ்சு கெடக்குதே!"

பால்காரன் நின்று, சைக்கிளோடு சேர்ந்து திரும்பினான். உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை.

"ஏரிங்க இது. ஏரியில யாராச்சும் சைக்கிள் ஓட்டுவாங்களா?"

"தண்ணி எங்கப்பா?"

"போன வருஷம் இங்க வரைக்கும் வரலிங்க."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அதுவும் வரலிங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க? எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் இறங்குவோம்." சொல்லிவிட்டு, தோள் மாற்றிக்கொண்டு நடந்தான்.

அம்மா வருவார், இவனுடைய கூத்தைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று தில்லைக்கண்ணு கரைப் பக்கம் பார்த்தார். கரையில் யாரும் இல்லை.

அம்மா அவரைத் தாண்டி ஏற்கெனவே வெகுதூரம் போயிருந்தார். காவிப் புடவையைக் கொசுவிப் பிடித்து, கெண்டைக்கால் தெரிய, நிதானமாக, காய்ந்த தரையில் அளைந்து அளைந்து நடந்துகொண்டிருந்தார்.

அப்போது பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தெற்கு வளைவில் புழுதி கிளம்பியது.

ஓடினால் பிடித்துவிடலாம். தில்லைக்கண்ணு ஓடினார். அந்த வயதுக்கு நன்றாகவே ஓடினார். பத்திருபது அடி ஓடியவர் சட்டென்று நின்றார்.

அவருக்கு மூச்சு வாங்கியது. பயமாகவும் இருந்தது. நாளைக்குப் பலகையில் சப்பணமிட்டு உட்காரப்போகிற மச்சினனின் முகம் கண்முன் வந்தது.

குனிந்து செருப்பைக் கழற்றினார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டினார். பையைத் தலைமேல் ஏற்றிக்கொண்டார். ஒரு காலை எடுத்து மெல்ல முன்னால் வைத்தார். மனதில் வந்து நிறைந்தது ஒன்றும் இல்லை. மண்டிதான் தெரிந்தது. மூட்டைகள் அப்படியே அடுக்கி இருந்தன. அவர் அடுத்த காலை வைத்தார்.

புளியமரத்தடியில் பஸ் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கைதட்டிக் கூப்பிட்டான். "ஏறுறீங்களா இல்லியா? சீக்கிரம் வாங்க!"

தில்லைக்கண்ணு பையை இறக்கவில்லை. நடையையும் மாற்றவில்லை.

கண்டக்டர் பொறுத்துப் பார்த்தான். பிறகு விசிலடித்தான். பஸ் போயிற்று.

அவர் கரையேறும்போது உமையாள் அம்மா மரத்தடியில் புடவையை உதறிவிட்டு நின்றார்.

"பஸ்ஸு போயிடுச்சே. ஓடி வந்திருக்கலாமே?"

தில்லைக்கண்ணு வேட்டியின் நுனியைப் பிடித்துப் பிழிந்தார்.

"தண்ணியில எப்படிம்மா ஓடறது?"