பூச்சியில்லாத அத்திப்பழம்

எதிரிலி மன்னர் என்று ஒருவர் இருந்தார். எதிரிகளை எல்லாம் வென்றதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எதிர்த்துப் பேச அரண்மனையில் ஆள் இல்லாததால் வந்த பெயர் என்பது ஊருக்குத் தெரியும்.

அவருக்கு இரண்டு பிரியங்கள். ஒன்று சுத்தம், இன்னொன்று அத்திப்பழம். இந்த இரண்டும் ஒரே வாயில் சேராது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அதனால் அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்க்கக் கூடாது என்பது அங்கே எழுதாத வழக்கம். சமையல்காரர் தட்டில் வைப்பார், மன்னர் முழுசாக வாயில் போட்டுக்கொள்வார், எல்லோருக்கும் நிம்மதி.

ஒருநாள் இளவரசியைப் பெண் கேட்டு மேற்கு நாட்டு அரசர் வந்தார். பாவம், வழக்கம் தெரியாத மனிதர். விருந்தில் ஒரு பழத்தை எடுத்துப் பிட்டுவிட்டார். பத்திருபது பூச்சிகள் வெளியே வந்து அவர் விரலில் ஏறின.

“பழத்தோடு கறியும் சேர்த்தே வைக்கிறீர்களே” என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினார். சம்பந்தத்தையும் சேர்த்துத்தான் கழுவினார்.

மறுநாள் சபையில் மன்னர் கொதித்துக்கொண்டிருந்தார். மந்திரி நாகண்ணர் பணிவாக எழுந்தார். கொதிக்கிற இடத்தில் விறகு வைப்பதில் அவர் கெட்டிக்காரர்.

“தோட்டக்காரனின் அசட்டைதான் மகாராசா. பூச்சியை உள்ளே விட்டது அவன்தானே?”

“அடுத்த முறை பழுக்கும்போது என் தட்டில் பூச்சியில்லாத அத்தி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்” என்றார் மன்னர். தண்டோராவும் போட்டாகிவிட்டது.

தோட்டக்காரர் பெயர் பேச்சிமுத்து. வீட்டில் ஐந்து பிள்ளைகள், ஆறாவது வயிற்றில். அவர் நேராகப் போய் நின்றது அடைப்பைக்காரர் திருமேனியின் முன்னால். அடைப்பைக்காரர் என்றால் மன்னருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிறவர். மன்னருக்கு ஒரு முழம் பக்கத்தில் நிற்கிற உத்தியோகம்.

“பூச்சி வராட்டி அத்தி பழுக்கவே செய்யாது சாமி” என்று அழுதார் பேச்சிமுத்து.

“அதை மகாராசாவிடமே சொல்ல வேண்டியதுதானே?”

“என்னை யாரு சாமி கேட்டாங்க?”

திருமேனிக்குச் சிரிப்பு வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. “எனக்குச் சொல்லு, நான் கேட்கிறேன்” என்று உட்கார்ந்துகொண்டார். பேச்சிமுத்து ஒரு காயைப் பிளந்து காட்டிக் காட்டிச் சொன்னார். கேட்டு முடித்ததும் திருமேனி மன்னரிடம் போனார்.

“பூச்சியில்லாத அத்தியை நான் பொறுப்பேற்றுத் தருகிறேன் மகாராசா. தராவிட்டால் தோட்டக்காரரோடு நானும் மூட்டை கட்டுகிறேன். இருபது முழம் மெல்லிய சல்லாத்துணி வேண்டும்.”

துணி வந்தது. காய்கள் மிளகு அளவில் இருக்கும்போதே ஒரு பெருங்கிளையைக் காற்றுகூடத் தயங்கி நுழைகிற மாதிரி சுற்றிக் கட்டினார்கள். மற்ற கிளைகளை அப்படியே விட்டார்கள். துணி கட்டும் யோசனை தன்னுடையது என்று நாகண்ணர் நான்கு பேரிடம் சொல்லிவைத்தார். இரண்டாம் வாரம் துணிக்குள் காய்கள் உதிர ஆரம்பித்ததும், அந்த நான்கு பேரையும் தேடிப் போய் அது தன் யோசனையே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

மற்ற கிளைகள் சிவந்து பழுத்த நாளில் திருமேனி இரண்டு தட்டுகளோடு சபைக்கு வந்தார். கதவோரம் பேச்சிமுத்து நின்றார்.

முதல் தட்டில் சுண்டைக்காய் மாதிரி வாடி வதங்கிய பிஞ்சுகள். மன்னர் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். துவர்ப்பில் முகம் கோணிப்போயிற்று.

“என்ன இது?”

“தாங்கள் கேட்ட பூச்சியில்லாத அத்தி மகாராசா. பிட்டுப் பாருங்கள், ஒரு பூச்சி இருந்தால் நான் இப்போதே புறப்படுகிறேன்.”

மன்னர் பிட்டுப் பார்த்தார். படு சுத்தம்.

“இது பழமே இல்லையே!”

“பூச்சி இல்லாமல் அந்த மரத்தால் இவ்வளவுதான் முடிகிறது. பழம் வேண்டுமென்றால் இரண்டாவது தட்டு.”

“அதில் பூச்சி இருக்குமே?”

“இருக்கும். அத்திக்குப் பூ காய்க்குள்ளேயே இருக்கிறது மகாராசா. வண்டோ தேனீயோ போக முடியாது. நுனியில் ஊசி முனை அளவு ஒரு வாசல். அதில் நுழைவதற்கென்றே ஒரு சின்னப் பூச்சி உண்டு. நெருக்கி நுழையும்போது அதன் சிறகு பிய்ந்துபோகும். பிறகு வெளியே வர முடியாது. உள்ளே பூவுக்குப் பூ மகரந்தம் வைத்து, முட்டையும் இட்டு, அங்கேயே செத்துப்போகும். மரம் அதன் குஞ்சுகளுக்கு வீடும் சோறும் கொடுக்கும். அவற்றில் பல சிறகோடு வெளியேறி அடுத்த மரத்துக்குப் போகும், சில உள்ளேயே தங்கிவிடும். அதன் பிறகுதான் பழம் இனிக்கும். மரம் இல்லாமல் பூச்சி இல்லை, பூச்சி இல்லாமல் மரமும் இல்லை. எல்லாம் பேச்சிமுத்து சொல்லித் தெரிந்தது.”

மன்னர் இரண்டாவது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மனசு இளகிவிட்டது.

“அடப் பாவமே. வாசலிலேயே சிறகு போகிறது. நுழைந்தால் திரும்ப வழியில்லை. சாகும்வரை உள்ளேயே உழைப்பு. கடைசியில் தின்கிறவன் ‘சீ, பூச்சி’ என்று துப்புகிறான். இப்படி ஒரு வேலைக்கு எந்த மடப்பூச்சி ஒத்துக்கொள்ளும்?”

திருமேனி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார். “எனக்கு அதில் ஆச்சரியமில்லை மகாராசா. நான் அரண்மனை உத்தியோகத்தில் சேர்ந்து முப்பது வருடமாகிறது.”

மன்னர் ஒரு கணம் முறைத்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். பேச்சிமுத்து எங்கேயும் போக வேண்டாம் என்றார். இனி அத்தியைப் பற்றி அவரைக் கேட்காமல் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று நாகண்ணரைப் பார்த்துச் சொன்னார். பேச்சிமுத்து கதவோரத்திலிருந்தே ஒரு பெரிய கும்பிடு போட்டார்.

“திருமேனி, உனக்கு என்ன வேண்டுமோ கேள்.”

“ஒரு மாதம் விடுப்புக் கொடுங்கள் மகாராசா. ஊருக்குப் போய் என் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன்.”

மன்னர் முன்னைவிடப் பலமாகச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உன் வேடிக்கைக்கு அளவே இல்லையப்பா” என்று சொல்லி வெற்றிலைக்குக் கையை நீட்டினார்.