வெந்நீரும் தொட்டாற்சுருங்கியும்

மலையடிவாரத்து வைத்திய மடத்துக்குத் தலைவி சிவஞானத்தம்மாள். வயது இன்னும் நாற்பது ஆகவில்லை. அவருடைய சீடர் தாண்டவராயருக்கு அறுபது. மனைவி இறந்த பிறகு டவுன் வீட்டைப் பூட்டி, சாவியை மடியில் முடிந்துகொண்டு வந்து சேர்ந்தவர்.

அம்மாள் அவருக்குக் கொடுத்த வேலை தொட்டாற்சுருங்கி வளர்ப்பது. ஆறாத புண்ணுக்கு அரைத்துக் கட்ட அதன் இலை வேண்டியிருந்தது. எடுத்ததற்கெல்லாம் முகம் சுருங்குகிற மனிதருக்கு ஏற்ற வேலைதான் என்று மடத்தில் சிரித்தார்கள்.

வாய்க்கால் கரையிலிருந்து செடிகளைப் பிடுங்கி வந்து நட்டார். ஆணிவேர் அறுந்து எல்லாம் கருகின. விதை போட்டார். ஒன்றும் முளைக்கவில்லை. மிச்சமிருந்த ஒரு பிடி விதையைப் பாலில் ஊறவைத்து, சாமி முன் வைத்துக் கும்பிட்டுவிட்டு அம்மாளிடம் கொண்டுவந்தார்.

“ஏம்மா இது முளைக்க மாட்டேங்குது?”

அம்மாள் பாலை வடித்தார். அடுப்பில் கொதித்த வெந்நீர்ச் செம்பைத் துணியால் பிடித்துத் தூக்கி, விதைகளின் மேல் அப்படியே ஊற்றினார்.

தாண்டவராயருக்கு உயிரே போய்விட்டது.

“ஐயோ! உயிருள்ள விதையைக் கொன்னுட்டீங்களே!”

“உறை கெட்டி, ஐயா. பாலுக்கெல்லாம் இளகாது. விடிய விடிய அப்படியே ஆறட்டும். காலைல விதைச்சுப் பாருங்க.”

நம்பிக்கை இல்லாமல்தான் விதைத்தார். முளைத்துவிட்டன! குட்டி இலைகள் விட்டன. விரல் பட்டதும் அவை மூடிக்கொண்டதைப் பார்த்து மனிதர் கைகொட்டிச் சிரித்தார்.

அந்த நாட்களில்தான் ஒரு பிற்பகல் அவருடைய மகள் செண்பகவல்லி வந்தாள். தோளில் துணிப்பை. இடது கையில் சுற்றியிருந்த துணியில் ரத்தம் காய்ந்திருந்தது.

“அப்பா, வீட்டுச் சாவியை மட்டும் குடுங்க. இனிமே அவரோட இருக்க முடியாது.”

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேதான் அவர் சொன்னார்: “வாக்கப்பட்ட வீட்டை விட்டு வந்தவளுக்கு என் வீட்ல இடமில்லை. செத்தாலும் அங்கேயே சாவு!”

பெற்ற வாயா இது என்று, மருந்து அரைத்துக்கொண்டிருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். செண்பகவல்லி முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். ரோட்டோரப் புளியமரத்தடிக்குப் போய், திரும்பிப்போகும் பஸ்ஸுக்காக உட்கார்ந்தாள்.

தாண்டவராயர் நேரே அம்மாளிடம் வந்தார். முகத்தில் பெருமை வேறு.

“நீங்க காட்டின வழிதாம்மா. சூடா நாலு வார்த்தை ஊத்திட்டேன். இனி புத்தி முளைச்சிடும்.”

அம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனார். வெந்நீர்ச் செம்போடு வந்தார். பாத்தியருகே நடந்து, முளைகளுக்கு மேலே செம்பைச் சாய்த்தார்.

“அம்மா!”

தாண்டவராயர் பாய்ந்து விழுந்து, இரண்டு கைகளாலும் முளைகளை மூடினார். மணிக்கட்டில் வெந்நீர் பட்டுத் தோல் சிவந்தது.

“என்னம்மா இது? பைத்தியமா உங்களுக்கு?”

“அன்னைக்கும் இதே வெந்நீர்தானே, ஐயா?”

“அன்னைக்கு அது விதைம்மா! கெட்டி உறை இருந்துது. இதுங்ககிட்ட என்ன இருக்கு? தொட்டாலே தாங்காத...”

கைகளை எடுத்துப் பார்த்தார். காப்பாற்ற வந்த கை பட்டும் இலைகள் எல்லாம் மூடிக் கிடந்தன.

அவர் மெல்லத் தலையைத் திருப்பி ரோட்டைப் பார்த்தார். கை தானாக மடிச் சாவியைத் தேடியது.

அம்மாள் செம்பைக் கீழே வைத்தார்.

“பஸ் இன்னும் வரலை, ஐயா.”