கம்பளியான் விட்டுக்கொடுத்த புற்று

மருதங்குளத்தின் கரையில் கம்பளியான் என்றொரு கரடி இருந்தான். கூடைப்பந்தில் அவனை அடிக்க ஆளே இல்லை என்று காடு முழுவதும் பேச்சு. காடு பேசாத நாட்களில் அவனே அதைப் பேசிக்கொள்வான்.

கரடிக்கு ஏது கூடைப்பந்து என்று கேட்காதீர்கள். தேன் எடுக்க வந்த மனிதர்கள் இரண்டு கூடைகளை மரங்களிலேயே தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். வெயிலிலும் மழையிலும் கூடைகளின் அடிப்பாகம் பிய்ந்துபோனது. ஒருநாள் குரங்கு ஒன்று விளையாட்டாக எறிந்த காய் கூடைக்குள் விழுந்து கீழ்வழியாக வெளியே வந்தது. அவ்வளவுதான், அன்றிலிருந்து காட்டுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. காய்ந்த கொடிகளைச் சுருட்டிப் பந்து செய்தார்கள். குளக்கரைக்கு ஓர் அணி, பாறைமேட்டுக்கு ஓர் அணி என்று பிரிந்து ஆட ஆரம்பித்தார்கள்.

குளக்கரை அணிக்குக் கம்பளியான்தான் தலைவன். அவனோடு முயல், மயில், முள்ளம்பன்றி மூவரும் ஆடினார்கள். முள்ளம்பன்றியிடம் மட்டும் யாரும் பந்தைக் கொடுப்பதில்லை. கொடுத்தால் அது முள்ளில் குத்திக்கொள்ளும்; பிடுங்குவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். ஐந்தாவது ஆள் செவந்தி என்ற கீரி.

செவந்தி ஒருமுறைகூடக் கூடையில் பந்து போட்டதில்லை. அவளுக்கு எட்டாது. ஆனால் எதிராளியின் கால்களுக்கு நடுவே புகுந்து பந்தைப் பறிப்பதில் அவளை மிஞ்ச முடியாது. பறித்த பந்தை நேரே கம்பளியான் கைக்கு உருட்டிவிடுவாள். அவன் கையை உயர்த்தி அதைக் கூடைக்குள் வைப்பான். கரையெல்லாம் ஆரவாரம் செய்யும். கம்பளியான் நாலு பக்கமும் திரும்பிக் கும்பிடுவான். செவந்தி அதற்குள் அடுத்த பந்தைத் தேடி ஓடியிருப்பாள்.

அவளுக்கு மூன்று குட்டிகள். வீடு என்று சொல்லிக்கொள்ளக் குளத்தின் ஓரத்தில் ஒரு பொந்து இருந்தது. மழை பெய்தால் தண்ணீர் முதலில் அங்கேதான் வரும். போன மழைக்காலத்தில் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வந்து, ஒரு மரவேரின் மேல் நனைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். மழை விட்டதும் கம்பளியானிடம் போய், மேட்டில் ஓர் இடம் பார்த்துத் தரும்படி கேட்டாள். அவன் "பாக்கலாம்" என்றான். கோடையில் மறுபடி கேட்டாள். அப்போதும் "பாக்கலாம்" என்றான். பெரிய மனிதர்கள் பாக்கலாம் என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். செவந்திக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

முள்ளம்பன்றிக்கு மனசு கேட்கவில்லை. செவந்திக்கு நாமாகவே ஏதாவது செய்வோம், வேறு யாராவது அவளைக் கூப்பிட்டால் என்ன செய்வது என்று கம்பளியானிடம் சொல்லிப் பார்த்தான்.

"கூப்பிடட்டுமே. வழக்கம் நம்ம பக்கம்தானே இருக்கு?" என்றான் கம்பளியான். "அவங்க என்ன தர்றாங்களோ அதையே நாமளும் தந்துட்டா அவ போக முடியாது. முதல்ல அவங்க வாயைத் திறக்கட்டும். நாம ஏன் முந்திக்கிட்டுக் குடுக்கணும்?"

அவன் சொன்ன வழக்கம் உண்மைதான். ஓர் அணியில் ஆடி வளர்ந்தவரை இன்னோர் அணி அழைக்கலாம். என்ன தருவோம் என்பதை நடுவரிடம் சொல்லி அழைக்க வேண்டும். பழைய அணி அதற்கு ஈடாகத் தந்துவிட்டால், ஆள் அங்கேயே இருந்தாக வேண்டும். தராவிட்டால் கிளம்பிப் போகலாம். சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கக் காடு கூடி வைத்த வழக்கம் அது. கம்பளியான் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினான்.

ஆட்டக் காலம் முடிந்தது. கடைசி ஆட்டத்தில் குளக்கரை வென்றது. கம்பளியானைத் தூக்கிக் கொண்டாட ஆசைப்பட்டார்கள். தூக்க முடியாததால் சுற்றி நின்று கொண்டாடினார்கள். மறுநாள் காலை நடுவர் நாரையார் மெல்ல நடந்து வந்தார். அவர் நடந்து வந்தால் சேதி பெரிது என்று பொருள்.

பாறைமேட்டு அணியின் தலைவர் நரியார் செவந்தியை அழைத்திருந்தார். என்ன தருவதாகச் சொல்கிறார் என்று கம்பளியான் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டான். நாரையார் சொன்னதும் கொட்டாவி பாதியில் நின்றது.

தண்ணீர் ஏறாத மேட்டில், உறுதியான, ஆள் உயரப் புற்று. யாரும் தோண்டக் கூடாது, யாரும் இடிக்கக் கூடாது. மழைக்காலம் முழுக்கக் குட்டிகளோடு அதில் குடியிருக்கலாம். அதுதான் நரியார் தருவதாகச் சொன்னது.

குளக்கரையில் அப்படிப்பட்ட புற்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கம்பளியானுடையது. கரடிக்குக் கறையான் என்றால் உயிர். ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் அவன் அந்தப் புற்றைத் தோண்டி, மூக்கை உள்ளே விட்டு, ஒரே உறிஞ்சாக உறிஞ்சுவான். இந்த ஆண்டு ஆட்டம் முடியட்டும் என்று ஆசை ஆசையாக விட்டுவைத்திருந்தான். காலையும் மாலையும் போய் அதைத் தடவிக் கொடுத்துவிட்டு வருவான்.

அது வேண்டாம், புளியமரத்தடியில் இருக்கும் சின்னப் புற்றைத் தருகிறேன் என்று கம்பளியான் பேரம் பேசிப் பார்த்தான். அங்கே தண்ணீர் ஏறும் என்றார் நாரையார். ஈடு என்றால் ஈடுதான், அடுத்த நாள் சூரியன் மறைவதற்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டு, வந்தபடியே நடந்து போனார்.

"நரியாரோட சூழ்ச்சி இப்பத்தான் புரியுது" என்றான் முள்ளம்பன்றி. "நீங்க குடுக்கலைன்னா செவந்தி அவருக்கு. குடுத்தீங்கன்னா நீங்க பட்டினி. பட்டினி கிடக்கிற கரடி எப்படிக் கூடைக்கு எட்டும்? ரெண்டுல எது நடந்தாலும் அவருக்கு லாபம்தான்."

கம்பளியானுக்குக் கோபம் நரியார் மேல் வரவில்லை. செவந்தி மேல் வந்தது. நம்மோடு ஆடியவள் நம் வயிற்றிலேயே அடிக்கிறாளே என்று நினைத்தான். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று மறுநாள் மதியம் அவள் பொந்தைத் தேடிக் கிளம்பினான். இத்தனை காலம் கூட ஆடியும் அவள் வீடு எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. முயலிடம் வழி கேட்டுக்கொண்டு போனான். அவள் வீடுகூடத் தெரியவில்லையே என்பது அவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

பாதி வழியில் கோடை மழை பிடித்துக்கொண்டது. அவன் போய்ச் சேர்ந்தபோது பொந்தின் வாசலில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. செவந்தி ஒரு குட்டியைக் கவ்வி வேரில் விட்டுவிட்டு, அடுத்ததற்காகத் தண்ணீருக்குள் பாய்ந்தாள். எதிராளியின் கால்களுக்குள் புகுந்து பந்தை எடுப்பாளே, அதே பாய்ச்சல். வேரில் இருந்த குட்டி வழுக்கியது. கம்பளியான் சட்டென்று கையைக் கொடுத்துத் தாங்கினான். உள்ளங்கையில் அது நடுங்கிக்கொண்டே இருந்தது.

கேட்க வந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட அவன் நினைவில் இல்லை. செவந்தி தராத பந்தில் தான் போட்ட ஒரு புள்ளியாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அத்தனை பந்துகளும் இவள் தந்தவை. ஒரு நாளாவது 'நன்றி' என்று சொன்னோமா என்று யோசித்தபோது அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

மூன்றாவது குட்டியோடு செவந்தி வெளியே வந்தாள். கம்பளியானைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"எல்லாத்தையும் என் முதுகுல ஏத்து" என்றான் அவன். "மயிரைக் கெட்டியாப் பிடிச்சுக்கச் சொல்லு. கரடி முதுகு வழுக்காது."

கரடிக் குட்டிகள் அம்மா முதுகில் போகுமல்லவா, அதைப் போலவே கீரிக் குட்டிகள் மூன்றும் கம்பளியான் முதுகில் போயின. அவன் மேட்டுக்கு ஏறி, தன் புற்றின் முன்னால் நின்றான். மழையில் நனைந்து புற்று சிவந்து நின்றது. அவன் ஒருமுறை எச்சில் விழுங்கினான்.

"அடியில இருக்கிற பொந்தெல்லாம் காலிதான். இனிமே நான் இதைத் தோண்ட மாட்டேன். இது உனக்கு, செவந்தி."

"வழக்கப்படி ஈடு குடுக்குறீங்களா, அண்ணே?" என்று கேட்டாள் செவந்தி. குரலில் மகிழ்ச்சி இல்லை. "அப்போ நான் இங்கேயே இருந்தாகணும், இல்லையா?"

கம்பளியான் பதில் சொல்வதற்குள் நாரையார் வந்துவிட்டார். மழை விட்டு, சூரியன் மரங்களுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் நரியார் வாலை ஆட்டிக்கொண்டு நின்றார். முயலும் மயிலும் முள்ளம்பன்றியும் ஓடி வந்தார்கள். குளக்கரையின் பதில் என்ன என்று நாரையார் கேட்டார்.

"இந்தப் புத்தைக் குடுத்துட்டேன், நாரையாரே. ஆனா வழக்கத்தைக் காட்டி நான் அவளைப் பிடிச்சு வைக்கல" என்றான் கம்பளியான். "இது அவ இதுவரைக்கும் ஆடின ஆட்டத்துக்கு. எப்பவோ குடுத்திருக்கணும், நான்தான் குடுக்கல. அவ எங்க வேணும்னாலும் போய் ஆடட்டும். செவந்தி, நீ குடுத்த பந்துக்கெல்லாம் நன்றிம்மா."

முள்ளம்பன்றி தலையில் கை வைத்துக்கொண்டான். புற்றும் போய் ஆளும் போகப்போகிறாள் என்று நரியாருக்கு வாயெல்லாம் பல். எல்லோரும் செவந்தியைப் பார்த்தார்கள்.

செவந்தி முதலில் நரியாரிடம் போனாள். "உங்களுக்கும் நன்றி, ஐயா. எனக்கு என்ன வேணும்னு நான் சொல்லாமலே தெரிஞ்சு வச்சிருந்தீங்க. நீங்க கேக்கலைன்னா இங்க யாரும் என்னை நினைச்சே பாத்திருக்க மாட்டாங்க" என்றாள்.

பிறகு கம்பளியானின் முதுகைப் பார்த்தாள். அங்கே மூன்று குட்டிகளும் கம்பளி மயிருக்குள் முகம் புதைத்துக் கிடந்தன.

"ஆனா பசங்க அங்கேயே தூங்கிட்டாங்க. எழுப்ப மனசு வரல. நான் இங்கேயே இருந்துடறேன்."

கம்பளியான், குட்டிகள் விழித்துவிடக் கூடாதே என்று அசையாமல் நின்றான். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. நரியார் இரண்டு கணக்குத்தான் போட்டிருந்தார். இந்த மூன்றாவது கணக்கு அவருக்குத் தெரியாது. வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்.

அடுத்த சில நாட்கள் கம்பளியானுக்குச் சிரமமாகத்தான் இருந்தன. கிழங்கு தோண்டினான், உதிர்ந்த பழங்களைப் பொறுக்கினான். புற்றின் பக்கம் போனால் மூக்கு கேட்காது என்று சுற்றுவழியாகப் போனான். முள்ளம்பன்றி தனக்குக் கிடைத்ததில் பாதியைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தான்.

பிறகு பெருமழை வந்தது. ஓர் இரவும் பகலும் கொட்டித் தீர்த்துவிட்டு, மாலையில் ஓய்ந்தது. செவந்தியின் குட்டிகள் மூன்றும் குளக்கரைக்கு ஓடி வந்து, அம்மா உடனே கூப்பிடுகிறாள் என்று கம்பளியானின் கம்பளியைப் பிடித்து இழுத்தன. புற்று இடிந்துவிட்டதோ என்று பதறி அவன் மேட்டுக்கு ஓடினான்.

புற்று இடியவில்லை. அதன் ஒவ்வொரு துளையிலிருந்தும் ஈசல் புறப்பட்டுக்கொண்டிருந்தது. பொலபொலவென்று கிளம்பி, சிறகு உதிர்ந்து, புற்றைச் சுற்றிக் குவிந்துகொண்டே இருந்தது. கறையான் முற்றிச் சிறகு முளைத்தால் ஈசல். கம்பளியானோ ஆண்டுதோறும் மழைக்கு முன்பே அவசரப்பட்டுத் தோண்டிவிடுவான். அதனால் தன் புற்றிலிருந்து ஈசல் வந்து அவன் பார்த்ததே இல்லை.

காக்கை, தவளை எதையும் அண்டவிடாமல் செவந்தி சுற்றிச் சுற்றி ஓடிக் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல நீங்க சாப்பிடுங்க, அண்ணே. அப்புறம் மத்தவங்க வரட்டும்" என்றாள்.

கம்பளியான் மூக்கைத் தாழ்த்தினான். உடனே நிமிர்ந்தான். "நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் சாப்பிட்டான். பிறகு முள்ளம்பன்றியைக் கூப்பிட்டுத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தான்.

அடுத்த ஆட்டக் காலத்திலும் செவந்தி பந்தைப் பறித்துக் கொடுத்தாள். கம்பளியான் கூடையில் போட்டான். கரையெல்லாம் ஆரவாரம் செய்தபோது மட்டும் அவன் கும்பிடவில்லை. அடுத்த பந்தைத் தேடி ஓடிக்கொண்டிருந்த கீரியை நோக்கிக் கையைக் காட்டினான்.

நம்மோடு உழைக்கிறவரின் அருமையை வேறொருவர் வந்து சொல்லும்வரை காத்திராமல், நாமே முதலில் உணர்ந்து நன்றி செலுத்த வேண்டும்.