நாலு கட்டமும் எட்டுக் கட்டமும்

வெள்ளாற்றூர் நகராட்சிக்குத் தண்ணீர் திறந்துவிடும் கம்ப்யூட்டர் செய்து தருவதாக ஒப்புக்கொண்ட மூன்று பேரில் பூவராகன்தான் புத்திசாலி. அதாவது, மற்ற இரண்டு பேரும் அப்படி நம்பினார்கள். அவர்கள் நம்பியதால் அவனும் நம்பினான்.

மெஷினைப் போட்டதும் முதலில் விழிப்பது பூட்லோடர் என்ற குட்டி புரோகிராம். 'மெமரி இவ்வளவு, டிஸ்க் இங்கே' என்று குறிப்பெழுதி, மெஷினை ஓட்டும் பெரிய புரோகிராமான கெர்னலிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதற்குமேல் எல்லாம் கெர்னல் பாடு. பூட்லோடரை எழுதிய பூவராகன் ஒவ்வொரு எண்ணுக்கும் நாலு கட்டம் ஒதுக்கியிருந்தான். கெர்னலை எழுதிய மருதப்பனோ எட்டெட்டுக் கட்டமாகப் படித்தான். ஆகவே கெர்னல் பக்கத்து எண்ணையும் சேர்த்து விழுங்கி, தனக்குக் கடலளவு மெமரி இருப்பதாக நினைத்து, இல்லாத இடத்தில் கால் வைத்துக் குப்புற விழுந்தது. ஒன்பது தடவை.

மறுநாள் காலை சேர்மன் அம்மா வருகிறார். ஓடாவிட்டால் மெஷினோடு இவர்களும் வெளியே.  பூவராகன், விடுப்பில் இருந்த மேலதிகாரி ஜெசிந்தா மேடத்துக்குப் போன் போட்டான்.

"ரெண்டு பேரும் ஒரே அளவுல பேசணும் பூவராகன். அதான் பிரச்சினை."

பூவராகன் குள்ளம். மருதப்பன் ஆறடி. மூன்றாமவனான ஏகாம்பரம் ஸ்டூல் கொண்டுவந்தான். பூவராகன் அதில் ஏறி நின்று, "வணக்கம் மருதப்பா" என்றான்.

"வணக்கம்."

மெஷின் விழுந்தது.

"இன்னும் அரை இஞ்ச் இடிக்குது. செருப்பைக் கழட்டு மருதா" என்றான் ஏகாம்பரம். கழட்டினான். அப்போதும் விழுந்தது.

மறுபடி போன். "நாலு கட்டத்தை எட்டாக்குங்க. முன்னாடி நாலு சைபர் போடுங்க, போதும்."

ஏகாம்பரம் சாக்பீஸ் எடுத்து மெஷினுக்கு முன்னாடி தரையில் நாலு சைபர் போட்டான்.

"இதுதான் முன்னாடின்னு எப்படிச் சொல்றே?" என்றான் மருதப்பன்.

"ஃபேன் இருக்கிறது முதுகு. அப்போ இது முகம்."

"சைபர்னா ஒண்ணுமில்லைதானே? ஒண்ணுமில்லாததை எதுக்குப் போடணும்?"

 யாருக்கும் மனவருத்தம் வேண்டாமென்று பூவராகன் இரண்டை மட்டும் அழித்தான்.

மூன்றாவது தடவை மேடத்தின் குரல் ஏறியிருந்தது. "தலைப்பகுதியிலேயே அளவை எழுதித் தொலைங்க! படிக்கிறவன் பார்த்துப் படிச்சுக்குவான்!"

பூவராகனுக்கு வழுக்கை. மார்க்கரால் '4' சுலபமாக விழுந்தது. மருதப்பனுக்கு அடர்ந்த முடி. அரைமணி நேரத்தில் அது இல்லை. அங்கே '8'.

காலை முதல் பஸ்ஸில் ஜெசிந்தா மேடம் வந்து இறங்கினார். இரண்டு தலைகளையும் பார்த்தார்.  உட்கார்ந்து ஒரே ஒரு வரியை மாற்றினார். மெஷின் ஓடியது. தெருக்குழாயில் தண்ணீர் கொட்டியது. சேர்மன் அம்மா கைதட்டினார். பூவராகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது திரையில் ஒரு வரி வந்தது: 'வேலை முடிந்தது. இனி என்னைப் பாதுகாப்பாக அணைக்கலாம்.'

பூவராகன் தயங்கவே இல்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய் மெஷினை இரண்டு கையாலும் இறுகக் கட்டிக்கொண்டான்.

"போதும், தள்ளு. கெர்னல் என்னோடது" என்றான் மருதப்பன்.

"வரிசையா வாங்கப்பா, ஹெல்மெட் ஒண்ணுதான் இருக்கு" என்றான் ஏகாம்பரம்.

சேர்மன் அம்மா கைப்பையை ஜெசிந்தா மேடத்திடம் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏகாம்பரத்துக்குப் பின்னால் போய் நின்றார்.