இருபது ஆள் அலை

உப்பங்காட்டு ஜமீன்தார் குமாரலிங்கத் துரைக்குத் தம் கடல் எல்லாவற்றிலும் முதலாக இருக்க வேண்டும். சூட்டிலும் உப்பிலும் உலகிலேயே அதுதான் முதல் என்று முரசு அறைந்தாயிற்று. அலை மட்டும் பாக்கி.

கட்டுமரம் வைத்திருந்த இன்னாசியம்மாளை வரவழைத்தார்.

"நம்ம அலை இருபது ஆள் உயரம்னு நாளைக்குச் சந்தையில சாட்சி சொல்லு. மாட்டேன்னா உன் கட்டுமரம் எனக்கு."

அந்த ஜமீனில் கிணறானாலும் அலையானாலும் ஆள் கணக்கில்தான் அளப்பார்கள். ஆள் என்றால் துரையின் உயரம். அது அவரே போட்ட சட்டம்.

மறுநாள் சந்தை கூடியது. இன்னாசியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்றாள்.

"சத்தியமா இருபது ஆள்தான், துரை. நம்ம பெரிய அலை அந்தத் தென்னையில பாதி வரும், எல்லாரும் பார்த்ததுதான். அதை இருபதாப் பங்கு போட்டா ஒரு ஆள் என் முழங்கால் வரைக்கும் வருது. துரை எழுந்து நின்னா சரிபார்த்துக்கலாம்."

கூட்டம் அவள் முழங்காலைப் பார்த்தது. பிறகு துரையைப் பார்த்தது.

"பத்து ஆள்னு வச்சுக்கோ," என்றார் துரை.

"அப்போ என் இடுப்பு வரைக்கும் வர்றீங்க."

"ஐந்து."

"இப்போ என்னைவிட ஒரு பிடி கூட."

"விடாதீங்க துரை, இன்னும் வளருங்க," என்றான் கருவாடு விற்பவன்.

துரை வளர வளர அலை சுருங்கியது. மாலையில் மறுபடி முரசு அறைந்தார்கள்: நம் துரை பனைமர உயரம், நம் கடலில் அலையே கிடையாது.

இன்னாசியம்மாள் கட்டுமரத்தைத் தண்ணீரில் தள்ளி, இல்லாத அந்த அலையின் மேல் ஏறிப் போனாள்.