காவல் கிளையில் உச்சாணி

ஒரு காட்டில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது.

கதையைத் தொடங்குமுன் ஒரு பெரும்பிழையைத் திருத்தியாக வேண்டும், பிள்ளைகளே. சற்று நிமிர்ந்து உட்காருங்கள். தவிட்டுக்குருவிகள் எப்போதும் ஏழாகத்தான் திரியும் என்று ஊரெல்லாம் நம்புகிறது. படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். தவறு! ஆறாகவும் திரியும், பன்னிரண்டாகவும் திரியும். யாரோ ஒருவர் எண்ணிப் பார்க்காமல் ஏழு என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் அவரை நம்பி எண்ணாமலே இருந்துவிட்டார்கள். நம் கூட்டத்தில் பெரியவர்கள் ஒன்பது பேர், குஞ்சு ஒன்று. நான் எண்ணினேன்.

இனிக் கதைக்குப் போகலாம்.

தவிட்டுக்குருவிகளின் இரை தரையில், சருகுக்கு அடியில் இருக்கிறது. குனிந்து சருகைப் புரட்டினால் வானத்தைப் பார்க்க முடியாது. வானத்திலோ வல்லூறு இருக்கிறது. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் மட்டும் மரத்தின் உச்சியில் உட்கார்ந்து காவல் காப்பான். மற்றவர்கள் மேய்வார்கள். காவல்காரனுக்கு மேய நேரம் ஏது? ஆகவே கீழே இருப்பவர்கள் ஒரு புழுவோ வெட்டுக்கிளியோ கொண்டுபோய் அவனுக்கு ஊட்டிவிடுவார்கள்.

இந்தக் கூட்டத்தின் காவல்காரன் பெயர் உச்சாணி. உசில மரத்தின் உச்சிக்கிளை அவனுடையது. முதன்முதலில் அவன் அதில் ஏறியது தங்கை செம்மிக்காக. அவள் அப்போது முட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். அடை காத்துக் காத்துக் கண் சொருகியது.

"நீ கொஞ்சம் தூங்கு. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஏறினான்.

பிறகு பாட்டு வந்தது.

பாடியவன் பெயர் தேன்குரலான். அவன் குரலும் மற்றவர்களுடையதைப் போலக் கரகரப்புத்தான். பெயரை அவனே வைத்துக்கொண்டான்.

பழைய அரசர்கள், கல்வெட்டில் சொல்ல வந்த செய்தியைச் சொல்லுமுன், தங்கள் பெருமையை நீளமாகச் செதுக்கச் சொல்வார்கள். அதற்கு மெய்க்கீர்த்தி என்று பெயர். எத்தனை மெய் என்று கல்லிடம் யாரும் கேட்டதில்லை. தேன்குரலானும் வெட்டுக்கிளி கொண்டுபோகும்போதெல்லாம் ஒரு மெய்க்கீர்த்தி பாடினான்.

"வானை அளக்கும் விழியோய்! வல்லூறு நடுங்கும் குரலோய்! எங்கள் ஒரே ஒருவனே!"

கீழே இருந்தவர்கள் மேய்வதை நிறுத்தி, அண்ணாந்து பார்த்து, "ஒரே ஒருவனே!" என்று கூவினார்கள்.

முதல் நாள் உச்சாணிக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் அவ்வளவு இல்லை. சில நாள் கழித்து, "நடுவில் ஓர் அடி விட்டுவிட்டாயே" என்று அவனே எடுத்துக் கொடுத்தான்.

இப்படியாக, தங்கைக்காக ஏறியவன் பாட்டுக்காக உட்கார்ந்திருந்தான். மாறியது அவனுக்கே தெரியவில்லை. பெரிய பெரிய அரசர்களுக்கும் இப்படித்தான் நடந்தது என்று வரலாறு படித்தவர்கள் சொல்கிறார்கள். அவர்களும் அரசர்கள் போன பிறகுதான் சொன்னார்கள்.

ஒரு நாள் பாட்டு நடந்துகொண்டிருந்தது. உச்சாணி கீழே பார்த்தான். எல்லோரும் அண்ணாந்திருந்தார்கள். நெடுவாலன் என்ற குருவி மட்டும் கறையான் புற்றைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"ஏய் நெடுவாலா! இங்கே பாட்டு நடக்கிறது, தெரிகிறதா?" என்று உச்சாணி அதட்டினான்.

அந்த நேரத்தில்தான் வல்லூறு விழுந்தது.

நெடுவாலன் முள்புதருக்குள் பாய்ந்தான். அவன் வால் மட்டும் வல்லூறோடு போய்விட்டது. அவனுக்குப் பக்கத்தில்தான் செம்மியின் குஞ்சு பொடியன் நின்றிருந்தான். கூட்டைவிட்டு இறங்கி இரண்டு நாள்கூட ஆகாதவன். இறக்கையை அடித்தால் உடம்பு எழும்பாது.

செம்மி நேரே உச்சிக்கிளைக்குப் போனாள்.

"அண்ணா, வல்லூறு வந்தபோது எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?"

"உங்களைத்தான். உங்களைப் பார்ப்பதுதானே என் வேலை?"

"எங்களைப் பார்க்க வல்லூறு இருக்கிறது, அண்ணா. வல்லூறைப் பார்க்கத்தான் நீ இருக்கிறாய்."

உச்சாணி இறகைச் சிலிர்த்துக்கொண்டான். "உங்களுக்காக எத்தனை வெயிலில் காய்ந்திருக்கிறேன்! ஒரு வால் போனதற்கு இத்தனை கேள்வியா?"

"நாளைக்குப் பொடியன் போனால்?"

உச்சாணி வாயைத் திறந்தான். அதற்குள் கீழே தேன்குரலான் இரண்டாம் பாட்டைத் தொடங்கினான். உச்சாணியின் பார்வை தானாகவே அந்தப் பக்கம் இறங்கியது. செம்மி அதைப் பார்த்தாள். இறங்கி வந்துவிட்டாள்.

புதருக்குள் கூட்டம் கூடியது.

"அவனை இறக்கிவிடுவோம்" என்றார்கள் சிலர்.

"நான் ஏறுகிறேன்" என்றான் தேன்குரலான், யாரும் கேட்குமுன்பே.

"நீ ஏறினால் பாட்டு?" என்று செம்மி கேட்டாள்.

"அதற்கென்ன, ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தானே ஏறுவேன்!"

நெடுவாலன் சிரித்தான். வால் இல்லாததால் சிரிக்கும்போது முன்பக்கம் சாய்ந்து விழுந்தான்.

"யார் ஏறினாலும் நாம் இதையேதான் செய்வோம்" என்றாள் செம்மி. "அண்ணன் கெட்டவன் இல்லை. நாம்தான் அவனைக் கீழே பார்க்கப் பழக்கிவிட்டோம். நாளைக்கு யாரும் பாட வேண்டாம். யாரும் அண்ணாந்து பார்க்கவும் வேண்டாம்."

"பட்டினி போடச் சொல்கிறாயா?" என்று ஒருவன் கேட்டான்.

"சேச்சே! சாப்பாடு நான் கொண்டுபோகிறேன். ஊட்டிவிட்டு வந்துவிடுவேன்."

"கோபித்துக்கொண்டு அவன் பறந்துபோய்விட்டால்? வெட்டவெளியில் நம் கதி என்ன?" என்று நெடுவாலன் கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது.

செம்மி பொடியனை இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். "போக மாட்டான்" என்றாள். குரல் அத்தனை உறுதியாக வரவில்லை.

மறுநாள் காலை செம்மி ஒரு கொழுத்த வெட்டுக்கிளியோடு போனாள். அண்ணனுக்கு ஊட்டினாள். அவன் பிடரி இறகை வழக்கம்போலக் கோதிவிட்டாள். இறங்கிவிட்டாள்.

உச்சாணி காத்திருந்தான். பாட்டு வரவில்லை.

தொண்டையைச் செருமினான். யாரும் நிமிரவில்லை.

"இன்றைக்கு வெயில் கொஞ்சம் அதிகம், இல்லை?" என்று பொதுவாகக் கேட்டான். கீழே சருகு மட்டும் சரசரத்தது.

"வானை அளக்கும் விழியோய்..." என்று, ஏதோ நினைவுக்கு வந்ததுபோல, மெல்ல முணுமுணுத்துப் பார்த்தான். கீழே தேன்குரலானுக்குத் தொண்டை அரித்தது. வாயைத் திறந்தான். நெடுவாலன் அதில் ஒரு புழுவைத் திணித்தான்.

கீழே முதுகுகளும் வால்களும் மட்டுமே தெரிந்தன. நெடுவாலனிடம் முதுகு மட்டும்தான். வால்களை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? உச்சாணி கிளையில் ஊரும் எறும்பைப் பார்த்தான். பக்கத்து மரத்தைப் பார்த்தான். கடைசியில் கோபத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பிக்கொள்ள மிச்சம் இருந்தது வானம் ஒன்றுதான்.

அங்கே ஒரு புள்ளி இருந்தது.

புள்ளிக்கு இறக்கை இருந்தது. அது இறக்கையை மடக்கியது.

கீழே பொடியன் ஒரு வெள்ளைப் பூச்சியைத் துரத்திக்கொண்டு வெட்டவெளிக்கு வந்திருந்தான். செம்மி இரண்டு புதர் தள்ளி, சருகுக்குள் தலையை விட்டிருந்தாள்.

உச்சாணி அலறினான். காடே கிழிகிற மாதிரி அலறினான். எல்லோரும் புதருக்குள் பாய்ந்தார்கள். பொடியன் மட்டும் அப்படியே நின்று இறக்கையை அடித்தான். உடம்பு எழும்பவில்லை.

காவல்காரன் கிளையைவிட்டு இறங்கக் கூடாது என்பது சட்டம். உச்சாணி கல் விழுவதுபோல விழுந்தான். பொடியனை நெஞ்சால் இடித்து முள்ளுக்குள் தள்ளி, மேலே கவிழ்ந்துகொண்டான். வல்லூறின் நகம் ஒரு பிடி சருகை அள்ளியது.

பிறகு புதருக்குள்ளிருந்து கூட்டம் முழுவதும் திட்டத் தொடங்கியது. தவிட்டுக்குருவிகள் ஒன்றாகச் சேர்ந்து திட்டினால் எந்த வல்லூறாலும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. அது போய்விட்டது.

தேன்குரலான் வெளியே வந்தான். "வல்லூறை வென்ற வீரனே..." என்று ஆரம்பித்தான்.

"அட, சும்மா இரு!" என்றான் உச்சாணி. "பொடியன் எங்கே? பொடியனைக் காணோமே!"

அவன் வயிற்றுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "நகரு மாமா. மூச்சு முட்டுகிறது."

செம்மி வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிடரி இறகில் குத்தியிருந்த முள்ளை அலகால் எடுத்துப் போட்டாள். இன்னொன்று இருந்தது. அதையும் எடுத்தாள்.

"வலிக்கிறதா?"

"இல்லை. கொஞ்ச நேரம் இப்படியே இரு."

கொஞ்ச நேரம் இருந்தார்கள். பிறகு அவன் மறுபடியும் கிளைக்குப் போனான். சாயங்காலம் வரை ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை உச்சாணிக்குக் கழுத்து வலித்தது.

நீதி: தலைவன் ஆபத்தைப் பார்க்க வேண்டுமென்றால், நாம் தலைவனையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.