காற்றுக்குக் கேட் பாஸ்

டக டக டக... களக். வருடங்கள் எத்தனையோ ஆகியும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தின் வெற்றிடப் பம்பு அது. சளி பிடித்த யானை இருமுவது போலிருக்கும்.

கவிழ்த்து வைத்த பெரிய கண்ணாடிக் குடுவையிலிருந்து பம்பு காற்றை உறிஞ்சும். பிறகு உள்ளே அலுமினியத்தை ஆவியாக்கினால் கண்ணாடித் துண்டில் மெல்லிய பூச்சு படியும். அந்தப் பூச்சை நம்பித்தான் ஞானப்பூ மூன்று வருடமாக முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு கடிதம் வந்தது. இயந்திரத்தைச் சோதிக்க வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வருவார். இருபது நிமிடத்தில் அழுத்தமானியின் முள் சிவப்புக் குறிக்கு இறங்காவிட்டால், இயந்திரம் அக்கரைக் கல்லூரிக்குப் போய்விடும்.

செவ்வாயன்று அளந்து பார்க்கக் கூடினார்கள். துறைத்தலைவர் குஞ்சிதபாதம் கையேட்டைப் படித்தார்: "குடுவை காலியாக இருக்க வேண்டும்."

உதவியாளர் மாசானம் குனிந்து பார்த்தார். "காலியாத்தானய்யா இருக்கு. பொறவு எதை உறிஞ்ச?"

"காத்தை, வே."

"காத்து இருந்தா அது காலி இல்லையே!"

அரை நாள் விவாதித்து, காற்று இருப்பதாகவே வைத்துக்கொள்வது என்று முடிவானது. அங்கேதான் வினை பிடித்தது.

"உறிஞ்சின காத்து எங்க போகுது?" என்றார் தலைவர்.

"பின்பக்கக் குழாய் வழியா சன்னலுக்கு வெளிய, சார்," என்றாள் ஞானப்பூ.

தலைவருக்கு முகம் வெளுத்தது. சுவரில் கல்லூரி முதல்வரின் சுற்றறிக்கை: ஆய்வகத்திலிருந்து எதுவும் கேட் பாஸ் இல்லாமல் வெளியே போகக் கூடாது. கையெழுத்துப் போட வேண்டிய முதல்வரோ டில்லியில்.

"காத்தெல்லாம் அதுல சேருமா சார்?"

"காத்துக்கு எடை உண்டுன்னு முதல் வருசத்துக்கு நடத்துறது நீதானம்மா?"



மாசானம்தான் வழி சொன்னார். பின்பக்கக் குழாயில் ரப்பர் டியூபை மாட்டி, மறுமுனையைக் குடுவையின் வால்வு வழியே உள்ளேயே திருப்பி விட்டார். "வெளிய போனாத்தானய்யா பாஸ்? உள்ளயே சுத்தட்டும்."

இருபது நிமிடம் ஆயிற்று. முள் அசையவில்லை. இரண்டு மணி நேரத்தில் குடுவைக்குள் எண்ணெய்ப் புகை மண்டியது.

"நிறம் மாறுது பாருங்க, வேலை நடக்கு!" என்றார் மாசானம்.

புதன், வியாழன், முறை வைத்து ஓட்டினார்கள். ஞானப்பூ அழுதுகொண்டே நிமிடத்துக்கு ஒருமுறை 'அசையவில்லை' என்று எழுதி இரண்டு நோட்டை நிரப்பினாள்.

வெள்ளியன்று ஆய்வாளர் வந்தார். பார்த்தார். டியூபைப் பிடுங்கி எறிந்து, குடுவையின் வால்வை மூடினார். பதினான்காம் நிமிடத்தில் முள் சிவப்பைத் தாண்டியது.

"நல்லாத்தானே இருக்கு! இங்கயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

குடுவையைத் திறக்க, காற்றை உள்ளே விட வேண்டும். ஞானப்பூ துள்ளிப்போய் வால்வில் கை வைத்தாள்.

"இரும்மா!" தலைவர் தடுத்தார். "எந்தக் காத்தை விடப்போற?"

"இங்க இருக்கிறதைத்தான் சார்."

"நம்ம காத்து சன்னல் வழியா போயிட்டு. அது வரட்டும். வேற காத்தை அடைச்சு வச்சா முதல்வருக்கு யார் பதில் சொல்றது?"

மாசானம் சன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"வந்தா அடையாளம் தெரியுமா, வே?"

"மூணு நாளு நம்மகிட்ட இருந்த காத்துல்லாய்யா? எண்ணெய் வாசம் அடிக்கும்."

இயந்திரம் எங்கள் கல்லூரியிலேயே இருந்தது, குடுவை திறக்கப்படாமலே. ஞானப்பூ காந்தங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினாள்.